வேட்டுச் சத்தத்தில் எழுந்து போகிறவர்



1542-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து உரோமைக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர் இன்று நாம் விழா கொண்டாடும் புனித பிரான்சிஸ் சவேரியார். இந்தக் கரையில் கால் வைத்துச் சில நாளே ஆகியிருந்தது. திருமுழுக்குப் பெற்றும் செபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் கிடந்த நம் முன்னோர்களைப் பற்றி அதில் எழுதினார். அந்தக் கடிதம் யாருக்குப் போனது என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன். அது ஒரு முன்னாள் படைவீரருக்குப் போனது. இலொயோலா இஞ்ஞாசியாருக்கு.

இஞ்ஞாசியார் என்றதும் நமக்கு இயேசு சபையும், பள்ளி கல்லூரிகளும், தியானப் பயிற்சியும் நினைவுக்கு வரும். அவர் முதலில் வாள் பிடித்தவர். 1521 மே 20 அன்று பாம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு ஒரு கால் நொறுங்கியது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது என்று திரும்பவும் முறித்து வைத்தார்கள். துருத்திக்கொண்டிருந்த எலும்பை அறுத்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். பல்லைக் கடித்துத் தாங்கினார். காலம் முழுவதும் நொண்டிக்கொண்டுதான் நடந்தார்.

அந்த வலியைத் தாங்கியவரால் தாங்க முடியாத ஒன்று அடுத்த ஆண்டு வந்தது. மொன்செராத் மாதா பீடத்தில் வாளைக் காணிக்கையாக வைத்துவிட்டு மன்ரேசா என்ற ஊரில் தங்கினார். அங்கே பழைய பாவங்கள் மனதை அரிக்கத் தொடங்கின. பாவசங்கீர்த்தனம் செய்தார், போதவில்லை என்று தோன்றியது, மறுபடி செய்தார். தூக்கமில்லை, செபத்தில் ஆறுதல் இல்லை. ஒரு கட்டத்தில், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தங்கியிருந்த அறையிலேயே அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு முறை வந்து போன எண்ணம் அல்ல, திரும்பத் திரும்ப வந்தது. இதை நமக்குச் சொன்னவர் வேறு யாருமில்லை, அவரேதான். பல்லாண்டுக்குப் பிறகு, சபைத் தலைவராக இருந்தபோது, தம் வாழ்க்கையை எழுதிக்கொண்ட குருவிடம் மறைக்காமல் சொன்னார்.

என்ன செய்து மீண்டார்? கடவுள் விடை தரும்வரை சாப்பிட மாட்டேன் என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். அடுத்த ஞாயிறு ஒப்புரவுக்குப் போனபோது அவருடைய ஆன்ம குரு விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, முதலில் சாப்பிடு என்று கண்டிப்பாகச் சொன்னார். பெரிய இறையியல் எதுவும் பேசவில்லை. சாப்பிட்டார், இரண்டு நாள் மனம் லேசானது. மூன்றாம் நாள் அதே இருட்டு திரும்பி வந்தது. மறுபடியும் போராடித்தான் கரையேறினார். ஒரே நாளில் சுகம் என்று மேடையில் அறிவிக்கிற கூட்டங்களுக்குப் போகிறவர்கள் அந்த மூன்றாம் நாளை நினைவில் வைக்க வேண்டும். புனிதருக்கே திரும்பி வந்தது.

அந்த அறையில் அந்த எண்ணம் ஜெயித்திருந்தால் இயேசு சபை இல்லை. பாரிசில் சவேரியாரைத் தேடிப்பிடிக்க இஞ்ஞாசியார் இல்லை. மணப்பாட்டுக்கும் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் சவேரியார் வந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

இதை இன்று ஏன் சொல்கிறேன்? நாளை டிசம்பர் 4, கடற்படை நாள். 7-ஆம் தேதி கொடிநாள். பிள்ளைகள் சட்டையில் சிறு கொடியைக் குத்திக்கொண்டு உண்டியல் குலுக்குவார்கள். நம் துறைமுகத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது. விஜயநாராயணத்தில் கடற்படையின் கட்டபொம்மன் தளம் இருக்கிறது. நம் பங்குப் பிள்ளைகள் தரைப்படையிலும் கடற்படையிலும் மத்திய ரிசர்வ் போலீசிலும் இருக்கிறார்கள். எல்லையில் எதிரியின் குண்டுக்குப் பலியானவர் உடல் வந்தால் ஊரே திரண்டு நிற்கும். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவரின் உடல் வந்தால்? கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, இரவோடு இரவாக அடக்கம்.

2022 மார்ச்சில் பாதுகாப்புத் துறை இணையமைச்சர் மாநிலங்களவையில் தந்த கணக்கு இது: ஐந்து ஆண்டுகளில் முப்படைகளிலும் 819 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தரைப்படையில் 642, விமானப்படையில் 148, கடற்படையில் 29. மத்திய ஆயுதக் காவல் படைகளில் 2012 முதல் 2021 வரை பத்து ஆண்டுகளில் 1,205 பேர். இவர்கள் பணியில் இருந்தவர்கள். ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணையில் ஓய்வுபெற்றோர் என்று ஒரு வரிசை உண்டு. முன்னாள் படைவீரர் என்று தனி வரிசை கிடையாது. அமெரிக்காவில் எண்ணுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் அங்கே ஆண்டுதோறும் 6,000-க்கும் மேல். எண்ணியதால்தான் அங்கே ஆராய்ச்சி வந்தது, சிகிச்சை வந்தது. நம் நாட்டில் அந்த மனிதர் செத்தபிறகும் வரிசையில் இடமில்லாமல் நிற்கிறார்.

நம் ஊர் மிலிட்டரிக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதில் சேர்ந்தவர், முப்பத்தேழு நாற்பதில் பென்ஷனோடு வந்துவிடுகிறார். கட்டிலுக்கு அடியில் கறுப்பு இரும்புப் பெட்டி. மேலே வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர். அங்கே ஹவில்தார். இங்கே ஏ.டி.எம். வாசலிலோ, கம்பெனி கேட்டிலோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற செக்யூரிட்டி. காரில் வருகிற சின்னப் பையன் ஹாரன் அடித்துக் கதவைத் திறக்கச் சொல்கிறான். ஊரில் இல்லாத காலத்தில் நிலத்தில் பங்காளி வேலி போட்டிருக்கிறான். பிள்ளைகளுக்கு அப்பா என்றால் ஆண்டுக்கு இரண்டு மாத விருந்தாளி. மனைவி தனியாகவே குடும்பம் நடத்திப் பழகியவள். இவர் வந்து உட்கார்ந்ததும் யார் சொல்வது நடக்கும் என்பதிலேயே சண்டை.

திருவிழா அன்று அவரைக் கவனித்திருக்கிறீர்களா? கொடியேற்றத்துக்கு வருவார். வேட்டுப் போடத் தொடங்கியதும் எழுந்து போய்விடுவார். பக்தி இல்லை என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். காஷ்மீரிலோ கார்கிலிலோ அவர் காதில் விழுந்த சத்தம் எது என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் கேன்டீன் கோட்டா பாட்டில் வந்துவிட்டதா என்று கேட்க மட்டும் மாதாமாதம் ஆள் வரும். நம் ஊரில் மிலிட்டரிக்காரருக்கு வருகிற விசாரிப்பில் பாதி இதுதான். கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் அரை பாட்டிலை அவர் தனியாகக் குடிக்கிறார். மனச்சோர்வும் மதுவும் சேருகிற இடம்தான் மிக ஆபத்தான இடம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இன்றைய முதல் வாசகத்தை எழுதிய பவுல், வலுவற்றவர்களை ஆதாயமாக்கத் தாமும் வலுவற்றவரானதாகச் சொல்கிறார். எழுத்தோடு விடவில்லை, செய்தும் காட்டினார். திருத்தூதர் பணிகள் 16-ஆம் அதிகாரம். பிலிப்பி என்ற ஊர் ஓய்வுபெற்ற உரோமைப் படைவீரர்களைக் குடியமர்த்திய ஊர். அதன் சிறைக்காவலரும் அப்படிப்பட்ட ஒருவராக இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுவதுண்டு. நள்ளிரவில் நிலநடுக்கம், கதவுகள் திறந்து கிடக்கின்றன. கைதிகள் ஓடிப்போனார்கள், கடமையில் தவறிவிட்டேன், இனி மானம் இல்லை என்று அந்த மனிதர் தம் உயிரை மாய்க்கத் துணிகிறார். உள்ளே தடியடி வாங்கிய முதுகோடு கிடக்கும் பவுல், உமக்கு நீரே தீங்கு செய்துகொள்ளாதீர், நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்று பொருள்படக் கத்துகிறார். கோழைத்தனம் என்று திட்டவில்லை, நரகம் என்று மிரட்டவில்லை. நாங்கள் இருக்கிறோம் என்றார். அதன்பிறகுதான் விளக்கு வந்தது.

பவுல் அன்று கத்தியதை இன்றைய ஆராய்ச்சி கணக்குப் போட்டு நிரூபித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மேற்பார்வையில் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் ஒரு மையம் நம் சென்னை. நடத்தியவர் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986-இல் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார். இன்னொரு மையம் கொழும்பு. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு, வீடு திரும்புமுன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதத்தில் 9 முறை போனிலோ நேரிலோ எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவ்வளவுதான். முடிவு 2008-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் பக்கம் 2 பேர்.

இதற்கும் முன்னோடி ஜெரோம் மோட்டோ என்ற அமெரிக்க மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் படையில் இருந்தபோது தமக்கு வந்த கடிதங்கள் தம்மைத் தாங்கியது அவருக்கு நினைவிருந்தது. சிகிச்சைக்கு வர மறுத்தவர்களுக்கு, எந்த நிபந்தனையும் போடாத நாலு வரிக் கடிதங்களைச் சில ஆண்டுகள் அனுப்பிக்கொண்டே இருந்தார். கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை குறைந்தது. அண்மையில் அமெரிக்கப் படைவீரர்களிடம் இதையே குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்தார்கள். 2019-இல் வந்த முடிவு அளவான நம்பிக்கை தருகிறது: எதிர்பார்த்ததெல்லாம் நடக்கவில்லை, ஆனால் செய்தி பெற்றவர்களில் முயற்சி செய்தவர்கள் குறைவு.

நம் சவேரியாருக்கு இது தெரியும். 1546-இல் அம்போய்னா தீவிலிருந்து எழுதும்போது சொல்கிறார்: தோழர்களின் கடிதங்களிலிருந்து அவர்கள் கையெழுத்தை வெட்டியெடுத்து, எப்போதும் தம்மோடு வைத்திருந்தாராம். கடலுக்கு அப்பால் தனியாகக் கிடந்த மனிதரை அந்தக் காகிதத் துண்டுகள் தாங்கின. அன்று ஒரு கடிதம் உரோமையிலிருந்து இங்கே வர ஆண்டுக்கணக்கு ஆகும். 1553 ஜூன் 28 அன்று இஞ்ஞாசியார், ஐரோப்பாவுக்குத் திரும்பி வாருங்கள் என்று சவேரியாருக்கு எழுதினார். சவேரியார் இறந்து அப்போது ஆறு மாதம் கடந்திருந்தது. நம் கையில் இருக்கும் போனுக்கு அந்தத் தாமதம் கிடையாது.

அந்த மிலிட்டரிக்காரருக்கு ஏதாவது என்றால் அவரே சொல்லட்டுமே என்பீர்கள். சொல்ல மாட்டார். முத்துக்குளித்த வம்சத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கல்லைக் கட்டிக்கொண்டு அடியில் இறங்கியவனால் குரல் கொடுக்க முடியாது. மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவன் கயிற்றின் அசைவைக் கைவிரலில் உணர்ந்து இழுக்க வேண்டும். அதனால்தான் கயிறு பிடிக்க மச்சானை நிறுத்துவார்கள், கூடப்பிறந்தவள் தாலிக்கு அவன்தானே காவல் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. முத்துக்குளிப்பு நின்று அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. மச்சான்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அசைவு எப்படித் தெரியும்? தூக்கம் போய்விடும். குடி கூடும். கோபம் திடீரென்று வரும், அல்லது எதற்கும் கோபமே வராது. நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நல்லது என்று பேச்சுவாக்கில் சொல்வார். பென்ஷன் புத்தகத்தை எடுத்து மனைவிக்கு விளக்குவார், கடனையெல்லாம் அவசரமாகத் தீர்ப்பார். அப்போது நேராகக் கேளுங்கள்: அண்ணாச்சி, சாகணும்னு நினைப்பு வருதா? கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் நம் எல்லாருக்கும் உண்டு. அது தவறு என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கேட்பதால் பாரம் இறங்குகிறது. ஆம் என்றால் அலறாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், பிள்ளைகுட்டியை நினைத்துப் பார் என்று குற்ற உணர்வை ஏற்றாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், தனியாக விடாதீர்கள், மருத்துவரிடம் கூடப் போங்கள்.

அந்த இருட்டு நிலையாக நிற்பதில்லை. வேகமாக ஏறி இறங்கும். ஏறுகிற நேரத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லாவிட்டால் பெரும்பாலும் உயிர் தப்பும். மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இலங்கையைப் பாருங்கள். 1995-இல் அங்கே தற்கொலை இலட்சத்துக்கு 47 பேர். உலகிலேயே உச்சத்தில் இருந்த நாடுகளில் ஒன்று. கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இத்தனைக்கும் இடையில் போர் நடந்துகொண்டிருந்தது. இஸ்ரேல் படையில் 2006-இல், வார இறுதியில் வீட்டுக்குப் போகும் சிப்பாய்கள் துப்பாக்கியைப் பாசறையிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். தற்கொலை ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. நம் முன்னாள் வீரர்களில் சிலர் காவல் வேலைக்காக உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். தேர்தல் வந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது அவர்களுக்குப் பழக்கமான காரியம். மனம் சரியில்லாத மாதங்களிலும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கலாம். அதைக் கேட்டு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிற மைத்துனர் ஒரு உயிரைக் காப்பாற்றுகிறார்.

சிகிச்சையும் இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோவின் ஃபோர்ட் கார்சன் படைத்தளத்தில், தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்த 152 படைவீரர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. அந்த எண்ணத்தை எதிர்கொள்ளக் கற்றுத்தரும் குறுகிய காலப் பேச்சு சிகிச்சை பெற்றவர்கள் அடுத்த இரண்டு ஆண்டில் மறுபடி முயலும் வாய்ப்பு 60 சதவீதம் குறைவாக இருந்தது. மருந்து தேவைப்படுகிறவர்கள் மருந்து சாப்பிட வேண்டும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடுகிறோம். செபக்கூட்டத்தில் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அங்கி போட்டவராகவே இருந்தாலும், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். நோயாளிகள் மேல் கை வைப்பார்கள், அவர்கள் நலம்பெறுவர் என்று இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் வாக்களிக்கிறார். மனநல மருத்துவரின் கையும் அந்தக் கைகளில் ஒன்று.

இனி, இப்படி ஒருவரை ஏற்கெனவே இழந்து, இங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் வேண்டுமென்றே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனத்துயரும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்பதே திருச்சபையின் மறைக்கல்வி. நாட்டுச் சட்டமும் மாறியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. விவிலியத்தில் சவுல் அரசர் போர்க்களத்தில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டுதான் இறந்தார். யாபேசு ஊரார் இரவெல்லாம் நடந்துபோய் அவர் உடலை எதிரியின் மதிலிலிருந்து மீட்டு வந்து, எலும்புகளை அடக்கம் செய்து, ஏழு நாள் நோன்பிருந்தார்கள். அவரால் வேட்டையாடப்பட்ட தாவீது அவருக்காக அழுது புலம்பினாரே தவிர ஒரு சொல்லும் பழிக்கவில்லை. ஆகவே அடக்கத் திருப்பலி உண்டு, மணி உண்டு, கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு, ஆண்டு நினைவும் உண்டு. அந்த வீட்டுக்குத் துட்டி கேட்கப் போகிறவர்கள் என்ன காரணம் என்று துருவாமல் இருந்தால் போதும்.

1544-இல் குமரி முனைப் பக்கத்தில் வடுகப் படை புகுந்து நம் மக்களைச் சூறையாடியபோது, உயிர் தப்பியவர்கள் கடல் பாறைகளில் ஒண்டிக்கொண்டு பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு புறப்பட்டார். எதிர்காற்று போகவிடவில்லை. கரைக்கு வந்து, தரை வழியாகப் போனார். சண்டை முடிந்தபின் மிஞ்சியவர்களைத் தேடிப் போவது அவர் வழக்கம். நம் வழக்கமாகவும் ஆக வேண்டும்.

இந்தப் பங்கில் எத்தனை முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள், எத்தனை வீட்டுப் பிள்ளைகள் இப்போது படையில் இருக்கிறார்கள், படைவீரரை இழந்த மனைவியர் எத்தனை பேர் என்று அன்பியம் வாரியாக ஒரு பட்டியல் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் பேசத் தெரிந்த ஒருவர் பொறுப்பு. சென்னை ஆய்வில் செய்ததுபோல அடுத்த கொடிநாள் தாண்டியும் விடாமல் விசாரிக்க வேண்டும். ஊரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டிப்போக ஆள்தான் தேவை. அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416, இரவும் பகலும் தமிழில் பேசலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் 2023 டிசம்பர் 1 முதல் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் அதன் தனிப் பிரிவு இயங்குகிறது. சிநேகாவின் எண் 044-24640050. இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். கோயிலுக்குள் போனை எடுக்கலாம் என்று நானே சொல்வது அபூர்வம்.

பனிமய மாதா திருவிழாவில் வேட்டுப் போடும் நேரத்தை முன்கூட்டியே அறிவிக்கும்படி விழாக் குழுவிடம் கேட்டுக்கொள்கிறேன். அன்பியப் பொறுப்பாளர்கள் திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். பட்டியலை இன்றே தொடங்குவோம்.